நாற்பது தலை முடிந்தது

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. இதை ஒப்புக்கொள்ள எனக்குக் கூச்சம் இல்லை; நான் ஒப்புக்கொள்ளாவிட்டால் என் மனைவி எனக்குப் பதிலாக ஒப்புக்கொண்டுவிடுவாள். பல்லி, பதிவுத் தபால், வாசலில் நிற்கும் போலீஸ் சைக்கிள் (பக்கத்து வீட்டுக்கு வந்ததாக இருந்தாலும் சரி) எல்லாவற்றுக்கும் பயப்படுவேன். ஆனால் உயிர் போய்விடும் என்று நிஜமாகவே நம்பி ஒளிந்துகொண்டது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான். அது விருத்தாசலத்தில் நடந்தது. காரணம், ஆராய்ச்சி.

எழுபதுகளின் தொடக்கம். பெண்ணாடத்துக் கரும்பு விவசாயக் குடும்பத்தில் எம்.ஏ. வரை போன முதல் ஆள் நான். அந்தத் திமிரில் இன்னும் மேலே போகலாம் என்று ஒரு பேராசிரியரிடம் ஆராய்ச்சி உதவியாளனாகச் சேர்ந்தேன். அவர் இருமினால் துறையே எழுந்து நிற்கும். அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. பிள்ளைகளின் தலைச் சுற்றளவுக்கும், வீட்டு நிலைமைக்கும், வாங்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு உண்டு. பெரிய தலை என்றால் பெரிய அறிவு. 'கல்வி, சமூகம், மருத்துவம் மூன்றும் சங்கமிக்கும் ஆய்வு' என்று அதற்குப் பெயர். (சங்கமித்த இடத்தில் முழுகியவன் நான்.)

கல்லூரி ஆசிரியர்கள் வீட்டுப் பிள்ளைகள் நூறு பேரை அவரே அளந்து முடித்திருந்தார். தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள் நூறு பேரை நான் அளக்க வேண்டும். அளந்து வந்தால் முனைவர் பட்டத்துக்கு என்னைப் பதிவு செய்வார். இல்லையென்றால் ஊருக்குப் போய்க் கரும்பு வெட்டலாம் என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். பி.எச்.டி. வாங்கப் போகிறான் என்று அப்பா ஏற்கெனவே சர்க்கரை ஆலை வாசல் முழுக்கச் சொல்லி வைத்திருந்ததால், வெறுங்கையோடு திரும்ப வழியே இல்லை.

விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறைகளில் வேலை செய்பவர்களின் பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தலைமையாசிரியர் என் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, ஒன்றும் விளங்காமல், மூன்றாம் வகுப்பு ஞானமணி டீச்சரிடம் என்னை ஒப்படைத்தார். என் ஆயுதங்கள் மூன்று: தையல்காரர் டேப்பு, ஒரு நீள நோட்டு, ஒரு புட்டி ஊதா மை. டேப்பைத் தலையைச் சுற்றி இழுப்பேன், நோட்டில் எழுதுவேன், அளந்த பிள்ளையை மறுபடி அளந்துவிடாமல் இருக்க நெற்றியில் ஊதா மையால் ஒரு புள்ளி வைப்பேன். புறங்கையில் வைத்திருக்கலாம். புறங்கையில் வைத்தால் பிள்ளைகள் எச்சில் தொட்டு அழித்துவிடுவார்கள் என்று யோசித்து நெற்றியைத் தேர்ந்தெடுத்தேன். யோசித்தேன் என்பதுதான் இதில் கொடுமை.

முதல் நாள் நாற்பது பிள்ளைகள் முடிந்தார்கள். பேராசிரியருக்கு டிரங்க் கால் போட்டுச் சொல்ல வேண்டும் என்பது உத்தரவு. மாலை நான்கு மணிக்குத் தபாலாபீஸுக்குப் போனேன். உள்ளே பத்துப் பன்னிரண்டு பேர் கார்டும் இன்லண்டு லெட்டரும் வாங்க நின்றுகொண்டிருந்தார்கள். அந்தக் காலத்து டிரங்க் காலில் பேசிய ஞாபகம் இருப்பவர்களுக்குத் தெரியும், மறுமுனைக்குக் கேட்க வேண்டுமானால் போன் இல்லாமலே கேட்கிற அளவுக்குக் கத்த வேண்டும். கத்தினேன்.

"நாப்பது சார். நாப்பது தலை முடிஞ்சிடுச்சு."

அவர் ஏதோ கேட்டார்.

"இன்னும் அறுபது தலை வேணும் சார். நாளைக்கு எடுத்துடறேன்."

மறுபடியும் ஏதோ கேட்டார்.

"எல்லாம் சின்னத் தலையாத்தான் சார் கிடைக்குது. ஆமாம் சார், அடையாளம் வச்சுத்தான் விட்டிருக்கேன். புதன்கிழமைக்குள்ள எல்லாத் தலையையும் கொண்டாந்து சேத்துடறேன்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் தபாலாபீஸில் ஒரு ஆள்கூட இல்லை. கௌண்டருக்குப் பின்னால் இருந்த கிளார்க்கும் இல்லை. பேராசிரியரோடு போனில் பேசுகிற பெரிய மனிதனுக்கு மரியாதை கொடுத்து ஒதுங்கிக்கொண்டார்கள் என்று எடுத்துக்கொண்டு, தலையை நிமிர்த்தி லாட்ஜுக்கு நடந்தேன்.

மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போனால் வகுப்புகளில் பெஞ்சுகள் மட்டும் இருந்தன. தலைமையாசிரியர் நல்லூரில் மீட்டிங் என்று போய்விட்டார். (அப்படி ஒரு மீட்டிங் இல்லை என்று பிற்பாடு தெரிந்தது.) ஞானமணி டீச்சர் மட்டும் தனியாக நின்றிருந்தார்.

"சார், நேத்து போஸ்டாபீஸ்ல என்ன பேசுனீங்க?"

"ஆராய்ச்சி முன்னேற்றத்தைப் பத்திச் சொன்னேங்க."

"நல்லாச் சொன்னீங்க. பெரிய சூளைக்குப் புதுசாக் கட்டுற புகைபோக்கி ரெண்டு வாட்டி விரிசல் விட்டுடுச்சு. பலி கேக்குதுன்னு ஒரு மாசமா ஊரெல்லாம் பேச்சு. நீங்க அதுக்குத் தலை எடுக்க வந்த ஆளுன்னு நேத்திலேருந்து ஒரே கலவரமா இருக்குது. போதாததுக்கு, ஆட்டுக்கு வைக்கிறாப்புல புள்ளைங்க நெத்தியில பொட்டு வேற வச்சு அனுப்பியிருக்கீங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. எம்.ஏ. படித்தவனுக்கு இதெல்லாம் கேட்டால் சிரிப்புதானே வர வேண்டும். அந்த நேரம் ஜன்னல் பக்கம் பார்த்தேன். வந்த சிரிப்பு அப்படியே திரும்பிப் போய்விட்டது.

முப்பது நாற்பது பேர் வந்துகொண்டிருந்தார்கள். பட்டறையில் களிமண் பிசைந்துகொண்டிருந்தவர்கள் கை கழுவாமலே புறப்பட்டு வந்திருந்தார்கள். முகம், முழங்கை, தலைமுடி எல்லாம் வெள்ளை. பகல் பத்து மணிக்கு வெள்ளை வெளேரென்று ஒரு கூட்டம் சத்தமே போடாமல் நடந்து வருவதை நீங்கள் பார்த்ததில்லை, பார்க்கவும் வேண்டாம். சத்தம் போட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் இருந்திருக்காது. முன்னால் வந்த ஆள் கையில் களிமண் கட்டியை அறுக்கிற கம்பி இருந்தது. இரண்டு பக்கமும் கட்டைப் பிடி, நடுவில் மெல்லிய கம்பி. அது கழுத்துக்குச் சரியான அளவு என்று என் ஆராய்ச்சி மூளை உடனே கணக்குப் போட்டது.

மதிய உணவுக் கூடத்துக்குள் ஓடிக் கோதுமை மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அம்மா முகம் ஞாபகத்துக்கு வந்தது. பெண்ணாடத்துக்கு என்னைக் கொண்டுபோக பஸ் கிடைக்குமா, டிராக்டர்தானா என்றெல்லாம் நினைத்தேன். உயிர் போனாலும் ஆராய்ச்சி நோட்டைக் காப்பாற்றத் துடித்தேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. உண்மை என்னவென்றால், கதவு திறந்ததும் நான் முதலில் நீட்டியதே அந்த நோட்டைத்தான். "இத எடுத்துக்குங்க, என்ன வுட்டுடுங்க" என்று அழுதேன். ஆமாம், அழுதேன்.

என்னை வெளியே கொண்டுவந்து வேப்பமரத்தடியில் நிறுத்தினார்கள். எதிரில் ஒரு பெண் வந்து நின்றாள். பெயர் அஞ்சலை. முதல் நாள் தபாலாபீஸில் இன்லண்டு வாங்க நின்றவள். இடுப்பில் அவள் மகள் வள்ளி, மூன்றாம் வகுப்பு, நெற்றியில் என் புள்ளி. எட்டு வயதுப் பெண்ணை இடுப்பில் தூக்கி வைத்திருந்தாள். அவளும் நடுங்கிக்கொண்டிருந்ததை அப்போது நான் கவனிக்கவில்லை. பயம் எனக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்திருந்தேன்.

"நாப்பது தலை முடிஞ்சிதுன்னு நீ போன்ல சொல்லல? இந்த ரெண்டு காதால கேட்டேன்."

"தலைன்னா அளவுங்கக்கா. வெறும் அளவு."

"அளவு எதுக்கு? பொட்டி செய்யறதுக்கா?"

வாயைத் திறந்தேன். பயத்தில் பேச்சுத் தமிழ் மறந்து, பேராசிரியர் எழுதிக் கொடுத்த முகவுரைதான் வந்தது. "இது கல்வி, சமூகம், மருத்துவம் ஆகிய முத்துறைகளும் சங்கமிக்கும்..." என்று ஆரம்பித்ததும் கம்பிக்காரர் ஒரு அடி முன்னால் வந்தார். மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

ஞானமணி டீச்சர் குறுக்கே வந்தார். "ஒண்ணுமில்லங்க. தலை பெருசா இருந்தா புத்தி அதிகமா இருக்குமான்னு பாக்கறாராம். அவ்ளோதான்."

அஞ்சலை மகளைக் கீழே இறக்கிவிட்டாள்.

"எம்பொண்ணு தலை எவ்ளோ?"

நோட்டைப் பிரித்தேன். "பத்தொன்பதே கால் அங்குலங்க."

"ஏகாம்பரம் மவன்?"

"இருபதரை."

அது ஒன்றுதான் நான் செய்த பெரிய தப்பு. சொல்லியிருக்கக் கூடாது.

"அவன் ரெண்டு வருசமா மூணாங்கிளாஸ்லயே குந்திக்கினு இருக்கான். வள்ளி வாய்ப்பாடு முழுசும் கட கடன்னு சொல்லுவா. அவள வுட அவன் புத்திசாலின்னு எழுதி வச்சிருக்கியா நீ?"

அவ்வளவுதான். தலை போகும் என்று பயந்து வந்தவர்கள் தலை சின்னது என்று எழுதிவிட்டானே என்று கொதிக்க ஆரம்பித்தார்கள். ஒருவர் மகனை மறுபடி அளக்கச் சொன்னார். இன்னொரு அம்மா சடையையும் சேர்த்துச் சுற்றச் சொன்னார். ஒளித்து வைத்திருந்த பிள்ளைகளை எல்லாம் வீட்டுக்குப் போய் இழுத்து வந்தார்கள். கம்பிக்காரர்தான் ஏகாம்பரம். அவர் மட்டும் திருப்தியாக ஓரமாக நின்றார். யாரோ, "மொதல்ல இந்த சாரு தலைய அளங்க" என்று சொல்ல, அஞ்சலையே களிமண் கையால் டேப்பைச் சுற்றினாள். டீச்சர் எண்ணைப் படித்தார். இருபத்தொன்று. எம்.ஏ. படித்த தலைக்கும் மூன்றாம் வகுப்பில் குந்தியிருந்த தலைக்கும் அரை அங்குலம்தான் வித்தியாசம்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், உயிர் இருக்கிற சந்தோஷத்தில். ஆனால் கம்பி இன்னும் ஏகாம்பரத்தின் கையில்தான் இருந்தது. அதனால் அஞ்சலை, "எல்லாப் புள்ளைக்கும் அர அங்குலம் கூட்டிப் போடு, பிரச்சினை வாணாம்" என்று சொன்னபோது மறுபேச்சுப் பேசாமல் போட்டேன். பழைய நாற்பதுக்கும் போட்டேன். புதிய அறுபதுக்கும் போட்டேன். அன்று சாயங்காலம் அவர்களே என்னைப் பஸ் ஏற்றிவிட்டார்கள்.

பேராசிரியர் நோட்டைப் பார்த்தார். கல்லூரி ஆசிரியர் பிள்ளைகளைவிடப் பட்டறைத் தொழிலாளிகளின் பிள்ளைகளுக்குத் தலை பெரிது. கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவரோ நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். விருத்தாசலத்துக் களிமண்ணில் மூளையை வளர்க்கும் தாது ஏதோ இருக்கிறது என்றார். மாநாட்டில் கட்டுரை வாசிக்கப் போவதாகவும், அதில் என் பெயரும் இருக்கும் என்றும் சொன்னார். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. கம்பியை எதிரில் பார்த்தபோது இருந்த பயம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. மூன்றாம் நாள் அவர் அறை வாசலில் நின்று, உள்ளே கூடப் போகாமல் ஒப்பித்துவிட்டேன்.

"அரை அங்குலம் கூட்டினாயா? யார் சொல்லிக் கூட்டினாய்?"

"அஞ்சலைங்க சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அஞ்சலை எந்தப் பல்கலைக்கழகம்?"

என் பதிவு நடக்கவில்லை. கொள்கையை அவர் விட்டாரோ இல்லையோ, என்னை விட்டுவிட்டார். பி.எட். படித்துப் பள்ளிக்கூட வாத்தியாராகி முப்பத்தைந்து வருஷம் ஓட்டினேன். அப்பா ஆலை வாசலில் யாரிடமும் எதுவும் சொல்லாமல் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனது இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது. ஆனால் வகுப்பில் எந்தப் பிள்ளையையும் பார்த்து, இவன் இவ்வளவுதான் என்று எழுதப் பேனாவை எடுத்தால் கை நின்றுவிடும். இரண்டு வருஷம் குந்தியிருக்கிறவன் எப்படிப் புத்திசாலி என்று ஒரு கேள்வி கேட்க எனக்கு எம்.ஏ. போதவில்லை. அந்த அம்மா ஒரு நிமிஷத்தில் கேட்டுவிட்டாள்.

என் மகள் இப்போது டாக்டர். பேப்பரில் படித்த வைத்தியத்தை நான் அவளுக்கே சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தால், அவள் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, "அப்பா, இது எந்தப் பல்கலைக்கழகம்?" என்பாள். சமையல்கட்டிலிருந்து என் மனைவி குரல் கொடுப்பாள்: "அஞ்சலை பல்கலைக்கழகமா இருந்தா கேட்டுக்கடி. உங்கப்பா சொந்தமாச் சொல்றதா இருந்தா வேணாம்."