கடுதாசிக் கிளாக்கர் சுட்ட பேய்கள்

கருவாட்டை மறந்துவிட்டு, அதைச் சுற்றிவந்த தாளை மட்டும் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோன மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் மட்டக்களப்பில், வாவிக்கரையோரம், என் எதிர்வீட்டில் இருந்தார். அவருக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள், ஆனால் யாரும் அதைப் பாவித்ததாகத் தெரியவில்லை. ஒழுங்கைக்கு, எங்கள் சின்னத் தெருவுக்கு, அவர் கடுதாசிக் கிளாக்கர்.

கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் பகல் முழுக்கக் கடுதாசியோடு மாரடிப்பது போதாதென்று, சாமான் கட்டிவரும் ஒவ்வொரு தாளையும் கரி இஸ்திரிப்பெட்டியால் மினுக்கி எழுத்தெண்ணி வாசிப்பார். யுத்தக் காலம். பாதையைப் பூட்டினால் பத்திரிகை வராது. நாங்கள் செய்திக்கு அலைவோம். அவருக்கோ செய்திக்குப் பஞ்சமே இல்லை. என்ன, எல்லாம் ஐந்தாறு வருடம் பழையதாகவும் பாதி கிழிந்ததாகவும் இருக்கும்.

அந்தப் பாதிதான் அவருடைய தீராத வியாதி. ஒருமுறை ஒரு கொலை வழக்கு வாசித்துக்கொண்டிருக்கும்போது தாள் முடிந்துவிட்டது. நேரே முச்சந்தியில் நானாவின் கடைக்கு ஓடினார்.

"நானா, இதுட மற்றப் பாதி எங்க?"

"அதுல வெந்தயம் சுத்திக் குடுத்தாச்சே கிளாக்கர் ஐயா!"

வெந்தயம் வாங்கிய வீட்டைத் தேடிப்போய் வாசலில் நின்றார். வயிற்றுவலிக்கு மருந்து கேட்டு வந்திருக்கிறார் என்று நினைத்து, அந்த வீட்டுக்காரி ஒரு கரண்டி வெந்தயத்தை விழுங்கவைத்துத்தான் அனுப்பினாள். கொலைகாரன் யாரென்று கடைசிவரை தெரியவில்லை.

இன்னொருமுறை பாதித் தாளில் இருந்த செய்முறையைப் பார்த்துக் கேக்குக்கு மா குழைத்துவிட்டார். மற்றப் பாதி கிடைக்கட்டும் என்று மூன்று நாள் வைத்திருந்தார். மூன்றாம் நாள் கேக்கை எறும்புகள் பொறுப்பெடுத்தன.

இந்தச் சிரிப்புக்கெல்லாம் நடுவில்தான் ஒருநாள் ஆமிக்காரர் எங்கள் ஒழுங்கையைச் சுற்றிவளைத்தார்கள். ஆண்கள் எல்லாரையும் வெளியில் இறக்கி, கடை வாசலில் வரிசையாக நிற்கவைத்தார்கள். முன்னால், காட்டிக்கொடுக்க ஒரு ஆள். தலையிலிருந்து முழங்கால் வரை சாக்கு. கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அவன் யாரைப் பார்த்துத் தலையாட்டுகிறானோ அவரைப் பிடித்து லொறியில் ஏற்றுவார்கள். அதனால் அவனுக்குப் பெயரே தலையாட்டி. கிளாக்கரைப் பார்த்து அவன் ஆட்டவில்லை. "கச்சேரியிலயும் என்னை ஒருத்தரும் கவனிக்கிறல்ல ரீச்சர்" என்று பிறகு என்னிடம் சொன்னார். ஆனால் எங்கள் ஒழுங்கைச் சிறுமி வதனியின் மாமனைப் பார்த்து ஆட்டிவிட்டான்.

மாமன் மூன்று மாதத்தில் உயிரோடு வந்து சேர்ந்தான், கடவுள் புண்ணியம். அதுவரைக்கும் யாருக்கு என்ன தெரியும்? வதனி நான் படிப்பிக்கும் இரண்டாம் வகுப்புப் பிள்ளை. வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தவள். அதற்குப் பிறகு சாக்கைக் கண்டாலே அலறுவாள். பள்ளிக்கூடத்துக்கு அந்தக் கடையைத் தாண்டித்தான் போகவேண்டும். கடை வாசலில் வரிசையாக அரிசிச் சாக்கு. இரண்டு கிழமையாகப் பள்ளிக்கூடம் வரவில்லை. தாய் கெஞ்சினாள், அடித்தாள், நான் போய்க் கதைத்தேன். அவள் அசையவில்லை. இனிப் படிப்பு அவ்வளவுதானோ என்று தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அந்தக் கிழமைதான் கல்குடாக் கருவாட்டோடு ஒரு ஆங்கிலத் தாள் வந்தது. அதிசயம், முழுத்தாள்! வெள்ளைத் துணி போர்த்திய பேய் வடிவில் பிஸ்கட் படம், கீழே செய்முறை. கிளாக்கர் ஒழுங்கைப் பிள்ளைகளை முற்றத்தில் கூட்டினார். அம்மா இழுத்துவந்ததால் வதனியும் வந்து என் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி நின்றாள்.

"இது ஹலோவீன், வெள்ளக்காரன்ட பேய்த் திருநாள். வெள்ளக்காரன் பேயைக் கண்டா ஓட மாட்டான் பிள்ளையள். மாவைக் குழைச்சு, பேயைச் சுட்டுத் தின்னுவான்!"

கோதுமை மா இல்லை, அரிசிமா. பட்டர் இல்லை, தேங்காய்ப்பால். வெள்ளைச் சீனிக்கு எங்கே போக? பனங்கட்டியைக் காய்ச்சிப் பேய்க்குப் பூசச் சொன்னார். கண்ணுக்கு எள்ளு என்றதும் வதனியின் அம்மா பாய்ந்தாள்.

"எள்ளு வெச்சா அது திவசம் கிளாக்கர். பிள்ளையள்ட வாயில வெக்கப் போறயளா?"

எள்ளுக்குப் பதில் மிளகு. மண்ணெண்ணெய்த் தகரத்துக்குள் தட்டை வைத்து, மேலும் கீழும் சிரட்டைத் தணல். பிள்ளைகள் மூக்கிலும் முழங்கையிலும் மாவோடு ஆளுக்கு நாலு பேய் பிடித்தார்கள். ஒன்று ஆமை மாதிரி, ஒன்று எங்கள் அதிபர் மாதிரி.

தட்டை வெளியே எடுத்தபோது பிள்ளைகள் ஓரடி பின்வாங்கினார்கள். பனங்கட்டி பூசியதில் பேய்களெல்லாம் மண்ணிறம். தலையிலிருந்து கீழ்வரை ஒரே போர்வை. இரண்டு கறுத்தக் கண்.

"மாமா," என்றான் ஒரு பொடியன், "இது தலையாட்டி."

கிளாக்கர் தாளைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். மறுபடி தாளைத் திருப்பிப் பார்த்தார். இதற்கு அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அந்த மனிதரின் முகத்தில் அப்படியொரு கலக்கத்தை நான் கண்டதில்லை. தட்டை மூடப் போனேன்.

அதற்குள் வதனி என் சேலையை விட்டுவிட்டு முன்னுக்கு வந்திருந்தாள்.

"இது தலை ஆட்டுமா?"

கிளாக்கர் குந்தினார். ஒன்றை எடுத்துக் குலுக்கிப் பார்த்தார், சாய்த்துப் பார்த்தார்.

"ஆட்டாது பிள்ள. நான் கழுத்து வெக்கல்லயே. கழுத்து இல்லாம எப்படி ஆட்டுற?"

அவளும் வாங்கிக் குலுக்கிப் பார்த்தாள். பிறகு நறுக்கென்று தலையைக் கடித்தாள். மிளகு பட்டு, "உறைக்குது!" என்று குதித்தாள். குதித்துக்கொண்டே இன்னொன்றின் தலையையும் கடித்தாள். பிறகு மற்றப் பிள்ளைகளும் சேர, தட்டில் ஒரு தலை மிஞ்சவில்லை. உடம்பெல்லாம் அப்படியே கிடந்தன. பேய் ருசி என்று பொய் சொல்லமாட்டேன், பாதி வேகவில்லை.

திங்கட்கிழமை காலை வெள்ளைச் சட்டையும் இரட்டைப் பின்னலுமாக வதனி வாசல் படலையைத் திறந்தாள். துணைக்கு வந்த தாயை வேண்டாம் என்று நிறுத்திவிட்டாள். கொஞ்சம் பின்னால், வெயிலே இல்லாத நேரத்தில் குடையை விரித்துக்கொண்டு கிளாக்கர் நடந்தார். அவருடைய கச்சேரிக் கந்தோருக்கு அது வழியே அல்ல என்று நினைத்து ஓடிப்போய்ப் பிடித்தேன்.

"என்ன கிளாக்கர், பிள்ளைக்குக் காவலா?"

"நல்ல காவல்! இதுதான் கிட்டின வழி ரீச்சர். சுத்திவளைச்ச நாள்ல இருந்து நானும் இந்தப் பக்கம் வரல்ல. வாவிக்கரையால சுத்தித்தான் கந்தோருக்குப் போறன். அவள் முன்னுக்குப் போறாளே, அந்தத் துணிவில வாறன். சத்தம் போடாதயுங்கோ, அவளுக்குக் கேட்டிரும்."

கடை வந்தது. வதனி நின்றாள். கிளாக்கரும் நின்றார். அவள் அரிசிச் சாக்கை ஒருதரம் முறைத்துப் பார்த்துவிட்டு, பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு கடந்துபோனாள். கிளாக்கர் கண்ணை மூடிக்கொண்டு கடந்தார். நான் அவருக்கு நாலடி பின்னால் நடந்தேன். கண்ணை மூடிக்கொண்டு நடக்கும் மனிதர் எங்கேயாவது தடுக்கி விழுந்தால் தூக்கிவிட யாராவது வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. இப்போதும் அவரை நினைத்தால் அப்படித்தான் தோன்றுகிறது.