நாற்பத்தொன்றாம் பெட்டி

காலை ஆறரை மணிக்கு, கரமனை வீட்டுக் கூடத்தில் நாற்பத்தொரு அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்த வெங்கிடேஷின் காதில் அந்தச் சத்தம் விழுந்தது.

பீப்.

மெல்லிய, சுத்தமான, ஒரே ஒரு பீப். கையில் டேப்போடு அவர் அப்படியே நின்றார். ஃப்ரிட்ஜை விற்றாயிற்று. இன்வெர்ட்டர் போன வாரமே போய்விட்டது. சுவரில் ஆணிகளைத் தவிர எதுவும் இல்லை. தன் போனை எடுத்துப் பார்த்தார். அது சும்மா இருந்தது.

ஆகவே கத்துவது ஏதோ ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. எதற்குள்?

வெங்கிடேஷ் டெக்னோபார்க்கில் மென்பொருள் சோதிக்கிறவர். பிழை எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் இருபது வருஷமாக அவருக்குச் சோறு போட்ட வேலை. இரண்டு நாளில் மெல்பர்னுக்குப் பறக்க வேண்டும். மனைவி மாளவிகாவும் மகள் ஆதிராவும், பள்ளிக்கூடம் திறக்கிறது என்று மூன்று வாரம் முன்பே போய்விட்டார்கள். சாமான்களைக் கப்பலேற்றுவது அவர் பொறுப்பு.

நாற்பத்தொன்றில் நாற்பது பெட்டிகளை நேற்று பேக்கிங் கம்பெனி ஆட்கள் கட்டினார்கள். நாற்பத்தொன்றாவதை இன்று காலையில் அவரே கட்டினார். மேலே 'புத்தகம்' என்று எழுதினார். உள்ளே இருந்தது சிரவை.

சிரவை என்பது உட்கார்ந்து தேங்காய் துருவும் பலகை. குட்டையான கால், பலா மரம், முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பல் வைத்த இரும்பு நாக்கு. கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் தினமும் தேங்காய் துருவுகிறவர் வெங்கிடேஷ்தான். சமையலறையில் அவர் சொல் எடுபடுகிற ஒரே இடம் அந்தப் பலகை.

"அது வேண்டாம்," என்று மாளவிகா தீர்மானமாகச் சொல்லியிருந்தாள். "அடியில பாருங்கோ, வண்டு துளைச்சு மாவா உதிர்றது. அங்க மரச் சாமானைத் தட்டித் தட்டிப் பாப்பா. ஒரு வண்டு கண்டா போறும், மொத்த சாமானையும் நிறுத்திடுவா. ஜெபாக்குத் தரேன்னு சொல்லியாச்சு, குடுத்துடுங்கோ."

அதைப் பழைய போர்வையில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டுத்தான் விமானம் ஏறினாள். அந்தப் போர்வையைக்கூடப் பிரிக்காமல் வெங்கிடேஷ் இன்று அப்படியே பெட்டிக்குள் இறக்கினார். கடைசி டேப்பை இழுத்து ஒட்டியபோதுதான் முதல் பீப் கேட்டது. அந்தப் பெட்டியின் மேல் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. மரமும் இரும்பும் கத்துமா?

ஏழு மணிக்கு ஜெபமலர் வந்தாள். மார்த்தாண்டத்துக்காரி, ஆறு வருஷமாக அந்த வீட்டில் வேலை செய்கிறவள். கையில் ஒரு காலிச் சாக்கு.

"சாரே, சிரவைய எறக்கியாச்சா?"

"பரண்ல இருக்கு, ஜெபா. லாரி போகட்டும், எடுத்துத் தரேன்."

"செரி. நான் இரிக்கேன்," என்று வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஒன்பது மணிக்கு லாரியும் பெட்டி தூக்க இரண்டு சுமட்டு ஆட்களும் மேற்பார்வைக்கு யூசுப்பும் வந்தார்கள். யூசுப் சாலைக் கடைவீதியில் பிறந்து வளர்ந்தவர். ஊர்விட்டு ஊர் போகிறவர்களின் பதற்றத்தைப் பார்த்துப் பார்த்து, யாரோடும் மெதுவாகவே பேசப் பழகியிருந்தார். முதல் பெட்டியைத் தூக்கியதும் வெங்கிடேஷ் அவசரமாக நகர்ந்து நாற்பத்தொன்றாம் பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

பீப்.

யூசுப் கையை உயர்த்தினார். எல்லோரும் நின்றார்கள்.

"சாரே, உள்ள என்னமோ கத்துதில்லே?"

"கத்தினா என்ன யூசுப், சின்னச் சத்தம்தானே?"

"அது ஆகாது சாரே. பேட்டரிச் சாதனம் ஒண்ணும் இல்லைன்னு நீங்க எழுதி ஒப்புப் போட்டிருக்கீங்க. இத ஏத்தினா கொச்சியில நிறுத்துவான்."

கப்பலில் ஒரு வீடு எப்படிப் போகிறது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். ஒரு குடும்பத்தின் சாமான் ஒரு கண்டெய்னரை நிரப்பாது. அதனால் மூன்று நான்கு குடும்பங்களின் பெட்டிகளை ஒன்றாக அடுக்கிப் பூட்டி முத்திரை வைப்பார்கள். பெட்டி எத்தனை, எதில் என்ன என்ற பட்டியல்தான் அதன் பாஸ்போர்ட். ஒரு பெட்டியில் சந்தேகம் வந்தால் அந்தப் பெட்டி மட்டும் நிற்பதில்லை. கண்டெய்னரே நிற்கும், முன்பின் தெரியாத மூன்று குடும்பங்களின் கட்டிலும் மிக்ஸியும் சேர்ந்து நிற்கும்.

"நாலு மணிக்கு வண்டி விட்டாத்தான் ராத்திரி கொச்சி. நாளைக்குக் காலையில கண்டெய்னர் மூடுறான். அடுத்த கப்பல் அஞ்சு வாரம் கழிச்சு," என்றார் யூசுப். "நீங்க நாளைக்கு மத்தன்னாள் பறக்கிறீங்க. பின்னே யாரு வந்து ஏத்துறது?"

ஆஸ்திரேலியாவில் ஆதிரா தரையில் படுத்துக்கொண்டிருக்கிறாள். அவளுடைய கட்டில் பன்னிரண்டாம் பெட்டியில் இருக்கிறது.

"எல்லாரும் அசையாம நில்லுங்கோ," என்றார். "எங்க கேக்கறதுன்னு பாப்போம்."

நின்றார்கள். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். வாசலில் ஜெபமலர் கொட்டாவி விட்டது கேட்டது. வேறு எதுவும் கேட்கவில்லை.

"நின்னுடுத்து. பேட்டரி தீந்திருக்கும்," என்று வெங்கிடேஷ் உற்சாகமாக எழுந்தார்.

பீப்.

"அடுக்களை," என்றார் யூசுப்.

"படுக்கற முறி," என்று உள்ளறையைக் காட்டினான் ஒரு சுமட்டு ஆள்.

"மாடி," என்றான் இன்னொருவன். அது மாடியில்லாத வீடு.

அவர்கள் மேல் குற்றமில்லை. சத்தம் எந்தக் காதில் முந்தி விழுகிறது, எந்தக் காதில் உரக்க விழுகிறது என்று ஒப்பிட்டுத்தான் மனிதன் திசையைத் தெரிந்துகொள்கிறான். குட்டையான, மெல்லிய, ஒரே சுருதியிலுள்ள சத்தம் அந்தக் கணக்கைக் குழப்பிவிடும். போதாததற்குத் திரைச்சீலை இல்லை, மெத்தை இல்லை. காலி வீட்டின் நான்கு சுவரும் அந்தப் பீப்பை வாங்கி ஒன்றுக்கொன்று எறிந்து விளையாடின.

"திறந்து பார்த்துடலாம்," என்றார் வெங்கிடேஷ்.

"திறந்தா அது எங்க பேக்கிங் இல்ல சாரே. உடைஞ்சா கம்பெனி பொறுப்பில்ல. பட்டியல்ல 'உடமஸ்தன் கட்டியது'ன்னு மாத்தி எழுதணும்."

"எழுதிக்கோங்கோ."

ஐந்தாம் பெட்டியில் சுவர்க் கடிகாரம். அதன் பேட்டரியை எடுத்தார். எட்டில் காய்ச்சல் பார்க்கும் கருவி. பதினாறில் சமையலறைத் தராசு. இருபத்திரண்டில் ஆதிராவின் பழைய பொம்மை வாத்து. அதைத் தொட்டதும் அது மூன்று மொழிகளில் வணக்கம் சொல்லிப் பாட ஆரம்பித்தது. நிறுத்தும் பொத்தான் எங்கே என்று மாளவிகாவுக்குத்தான் தெரியும். கடைசியில் ஒரு சுமட்டு ஆள் அதை வாளியில் போட்டு, மேலே தலையணையை வைத்து அமுக்கிக்கொண்டு நின்றான்.

பதினொரு பெட்டி திறந்தார்கள். பேட்டரி உள்ள எல்லாமே வாளிக்கு வந்துவிட்டது. வெங்கிடேஷ் களைத்துப்போய்த் தன் 'புத்தக'ப் பெட்டியின் மேல் பொத்தென்று உட்கார்ந்தார்.

பீப்.

"இதுல ஒரு காரியம் கவனிச்சீங்களா சாரே," என்றார் யூசுப். "நீங்க இருந்தா கத்துது, எந்திரிச்சா கத்துது. நீங்க பேட்டரியிலயா ஓடுறீங்க?"

வெங்கிடேஷ் சிரிக்கவில்லை. நிஜமாகவே சட்டைப் பையையும் கால்சட்டைப் பையையும் தடவிப் பார்த்தார். வீட்டுச் சாவியும் பாதி இருமல் மிட்டாயும் இருந்தன.

இதற்குள் இன்னொரு சங்கடம். பெட்டியில் சாமானை ஒரு தடவை நெருக்கி அடுக்கிவிட்டால், வெளியே எடுத்தபின் அதே இடத்தில் திரும்ப அடங்காது. ஐந்தாம் பெட்டியின் பாத்திரங்கள் எட்டில் வழிந்தன. எட்டின் துணிகள் பதினாறுக்குப் போயின. கடிகாரத்தின் கண்ணாடியில் புதிதாக ஒரு கீறல். பட்டியலில் பதினொரு வரிகளை அடித்துத் திருத்திய யூசுப்பின் பேனா மை தீர்ந்துபோயிற்று.

மணி ஒன்றரை. போன் அடித்தது. வீடியோவில் மாளவிகா.

"ஏத்தியாச்சா?"

"ஏத்திண்டே இருக்கோம்."

"ஏன் வேர்க்கறது உங்களுக்கு?"

"ஃபேனைக் கழட்டியாச்சே."

"சிரவையை ஜெபாட்ட குடுத்தேளா?"

வெங்கிடேஷ் வாசலை ஓரக்கண்ணால் பார்த்தார். ஜெபமலர் சாக்கை மடித்து மடியில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்திருந்தாள். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"குடுத்தாச்சு, குடுத்தாச்சு."

"சத்தம் கித்தம் ஒண்ணும் கேக்கலையே?"

"காலி வீடுன்னா கொஞ்சம் எதிரொலிக்கத்தானே செய்யும்," என்றபடி, தன் பின்னால் இருப்பதை அவள் பார்த்துவிடக் கூடாதே என்று எழுந்து திரும்பினார்.

பீப்.

"என்னது அது?"

"அடுத்தாத்து மைக்ரோவேவ்."

மாளவிகா அவரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். "சரி. அப்போ நிம்மதி," என்று சொல்லிப் போனை வைத்தாள்.

மணி இரண்டு. அப்போதுதான் அவருக்குள் இருந்த இருபது வருஷத் தொழில்காரர் விழித்துக்கொண்டார்.

"யூசுப், நாம தப்பாத் தேடிண்டிருக்கோம். ஒண்ணு ஒண்ணாத் தேடப்படாது, பாதிப் பாதியாத் தேடணும். இருபது பெட்டியை லாரியில ஏத்துங்கோ. ஏத்தறச்சே நன்னா குலுக்குங்கோ. கத்தலைன்னா அந்த இருபதும் சுத்தம், அங்கேயே இருக்கட்டும். மிச்சத்துல பாதி. அதுலயும் மிச்சத்துல பாதி. ஆறே தடவையில அகப்பட்டுடும்."

யூசுப் யோசித்தார். "நல்ல புத்தி. இதக் காலையிலயே சொல்லியிருக்கலாமே. அந்த நாப்பத்தொண்ணும் சேத்தா?"

"இது புத்தகம். இதை விட்டுடுங்கோ, நான் உக்காந்துக்கறேன்."

இருபது பெட்டிகளைக் குலுக்கி ஏற்றினார்கள். ஒரு சத்தமும் இல்லை. கூடத்தில் பாதி தரை தெரிந்தது. அடுத்து பத்து, அதிலும் இல்லை. யூசுப் வெங்கிடேஷை மரியாதையோடு பார்த்தார். வெங்கிடேஷ் இன்றைக்கு முதல் தடவையாக மூச்சை நன்றாக இழுத்து விட்டார்.

அடுத்து ஐந்து. அடுத்து மூன்று. எதுவும் கத்தவில்லை.

இரண்டு பெட்டி மிச்சம் இருந்தபோது அவர் முகத்தில் மறுபடி வேர்வை அரும்பியது. கணக்கு எங்கே போய் முடியும் என்பது அவருக்கு மற்றவர்களைவிட முந்தித் தெரிந்துவிட்டது. அந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தானே. முப்பத்தொன்பதாவது போயிற்று, சத்தமில்லை. நாற்பதாவது போயிற்று, சத்தமில்லை.

மூன்றேமுக்கால் மணி. காலிக் கூடம். நடுவில் ஒரு பெட்டி, அதன் மேல் வெங்கிடேஷ். யூசுப்பும் இரண்டு சுமட்டு ஆட்களும் சுற்றி நின்றார்கள்.

"சாரு கொஞ்சம் எந்திரிக்கணும்," என்றார் யூசுப்.

"கால் மரத்துப் போயிடுத்து."

"பரவாயில்ல. மெல்ல."

வெங்கிடேஷ் மெல்ல, மிக மெல்ல, காற்றைப்போல எழுந்தார்.

பீப்.

"புத்தகம் கத்துமா சாரே?" என்று யூசுப் மெதுவாகக் கேட்டார்.

வெளியே லாரி டிரைவர் ஹாரன் அடித்தான்.

ஜெபமலர் வாசற்படியிலிருந்து எழுந்து, சாக்கை உதறிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"அது புத்தகம் இல்ல. சிரவையாக்கும்," என்றாள்.

வெங்கிடேஷ் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டார். "உனக்கெப்படித் தெரியும்?"

"அக்கா ஏரோப்ளேன் ஏறுகதுக்கு முந்தின நாளு, சாவி காணாமப் போனா தேடுகதுக்கு அவிய சாவிக்கொத்துல கெடந்த வட்டச் சாதனத்தக் கழட்டி, சிரவைக்க அடியில ஒட்டினாவ. நாந்தான் பிடிச்சுக் குடுத்தேன். அக்காக்க போனு பக்கத்துல இல்லாம கொஞ்ச நாளு கெடந்துட்டுண்ணா, பெறவு யாரு அசைச்சாலும் அது கத்துமாம்."

யூசுப் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

"காலம்பற ஏழு மணிலேருந்து இங்கதானே உக்காந்திருக்கே," என்றார் வெங்கிடேஷ், ஈனமான குரலில். "ஒரு வார்த்தை சொல்லப்படாதா, ஜெபா?"

"'அவரே மனசாட்டு எடுத்துத் தந்தா ஒண்ணும் சொல்லாண்டாம், கடைசிப் பெட்டி வரைக்கும் தரல்லேண்ணா மட்டும் சொல்லு'ண்ணுல்லா அக்கா சொல்லிட்டுப் போனாவ."

அவள் குனிந்து சாக்கின் வாயை விரித்துப் பிடித்தாள்.

"சிரவைய இதுல போடுங்க சாரே, நாப்பது பெட்டியும் சத்தமில்லாம கப்பலேறும், அந்த வட்டத்த மட்டும் உரிச்சு நீங்க கையில கொண்டு போங்க, அக்கா ஏர்போர்ட்டுல வந்து வாங்கிக்கிடுவாவளாம்."