இயக்குநரின் ரத்தமே இனி இயல்பு

ஆய்வுக்கூடத்தில் நோயாளியின் ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமான ஒருவரின் ரத்தமும் வேண்டும். பல வருஷமாக அதற்குக் கை நீட்டியவர் வாசல் காவலாளி. புதிதாக வந்த இயக்குநருக்கு இது பொறுக்கவில்லை.

“நிறுவனத்தோட அளவுகோல் ஒரு வாட்ச்மேனா? பதவிக்குன்னு ஒரு மரியாதை வேண்டாமா?”

மறுநாளே சுற்றறிக்கை வந்தது: ‘இனி இயக்குநரின் ரத்தமே இயல்பான ரத்தமாகக் கருதப்படும்.’

நோய் எதிர்ப்பு அணுக்களுக்கு ஒளிரும் சாயம் ஏற்றி, லேசர் வெளிச்சத்துக்கு முன்னால் ஒவ்வொன்றாக ஓடவிட்டு எண்ணும் பெண்மணிக்கு அங்கே சாயக்காரம்மா என்று பெயர். இயக்குநரின் ரத்தத்தை ஓடவிட்டதும் திடுக்கிட்டார். புழுவோடு சண்டை போடும் ஒரு வகை வெள்ளையணு மட்டும் எக்கச்சக்கம். அதன் மரபணுக்களைப் பார்த்தால் அத்தனையும் போர்க்கோலம்.

“சார், தப்பா நினைக்காதீங்க. உங்க வயித்துல புழு இருக்கு.”

“வேற யாருக்காவது இப்படி இருக்கா?”

“இந்தக் கட்டடத்துல யாருக்கும் இல்ல சார்.”

“அப்ப குறை அவங்ககிட்டதான்.”

வாதத்தில் ஓட்டை இல்லை. ஊழியர் அனைவரும் நோயாளிகள் என்று அறிவிக்கப்பட்டு, சம்பளத்துடன் விடுப்பில் அனுப்பப்பட்டார்கள். ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. சாயக்காரம்மா மட்டும் ‘அத்தியாவசிய நோயாளி’யாகப் பணியில் நீடித்தார்.

வயிற்றுவலியில் சுருண்ட மகளைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் வந்தாள். பரிசோதனை முடிவு: ‘இயக்குநருக்கு நிகரான ஆரோக்கியம்.’ தாய் கும்பிட்டாள். சாயக்காரம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. பெண்ணை மருத்துவரிடம் அனுப்பிவிட்டு, நேரே இயக்குநர் வீட்டுக்குப் போனார்.

“வயித்தப் பிடிச்சுக்கிட்டுப் புரள்றாரு. கேட்டா, ‘நான்தான் இயல்பு’ங்கறாரு,” என்று அழாத குறையாகச் சொன்னாள் அவர் மனைவி.

“ஒரே மாத்திரைதான். சத்து மாத்திரைன்னு சொல்லிக் குடுத்துடுங்கக்கா.”

புழு போயிற்று. அடுத்த பரிசோதனையில் இயக்குநரின் ரத்தம் ஊரார் ரத்தம் மாதிரியே இருந்தது.

“இப்பவாவது அந்தச் சுற்றறிக்கையை வாபஸ் வாங்குங்க சார்.”

“எப்படிம்மா? இப்ப நானும் நோயாளி. நோயாளி கையெழுத்து செல்லாதே.”

இயக்குநரும் விடுப்பில் போனார். உறைபெட்டியிலிருந்த அவருடைய பழைய ரத்தம் அளவுகோலாகத் தொடர்ந்தது.

பொறுப்பு இயக்குநர் பதவிக்கு விளம்பரம் வந்தது. தகுதி: இயல்பான ரத்தம். விடுப்பிலிருந்தவர்கள் உட்பட, படித்தவர்கள் அத்தனை பேரும் வாசலில் வரிசை கட்டினார்கள்.

“இந்தப் புழு எப்படிம்மா வரும்?” என்று கிசுகிசுத்தார் முதலில் நின்ற சுகாதார அதிகாரி.

“மண்ணை அளைஞ்ச கையைக் கழுவாம சாப்பிட்டா வரும். அதனாலதான் எல்லாரும்…”

சாயக்காரம்மா சொல்லி முடிப்பதற்குள், சாப்பாட்டு டப்பாவும் கையுமாக வரிசை முழுவதும் தோட்டத்துக்குள் இறங்கிவிட்டது.