போச்சு அண்ணன் வாங்கிய மீன் தொட்டி

வாடிக்கையாளரின் நம்பிக்கையைக் குலைத்தே வியாபாரம் செய்பவர் திண்டுக்கல்லில் ஒருவர்தான் உண்டு. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் எங்கள் 'போச்சு' அண்ணன். எதைக் கேட்டாலும் முதல் வார்த்தை "போச்சு" என்று வருவதால் அந்தப் பெயர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயரைப் பாதிரியாரே மறந்திருப்பார்.

நான் முதன்முதலில் கண்ணாடி போடப் போனபோது டாக்டர் சீட்டை வாங்கிப் பார்த்தார்.

"போச்சு. நாப்பதுலயே ஆரம்பிச்சிருச்சா? இனிமே வருசா வருசம் ஏறத்தேன் செய்யும்."

பிளாஸ்டிக் லென்ஸ் போடலாமா என்றேன். "கீறும்." கண்ணாடி லென்ஸ்? "ஒடையும்." பிறகு என்னதான் செய்வது?

"என்னத்தச் செய்ய? மங்கலாவே பாருங்க தம்பி. தெளிவாப் பாக்குற மாதிரியா இருக்கு ஊரு?"

அவர் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கும் பாவத்துக்கு வேறு கடைக்கு நான் போக முடியாது.

இப்படிப்பட்டவர் வீட்டுக்குத்தான் இரண்டு தங்கமீன்கள் வந்து சேர்ந்தன. அவருடைய மனைவியின், அதாவது எங்கள் மதினியின், தங்கை செம்பட்டிக்குக் குடிபோனபோது, வண்டியில் ஏற்றும் அவசரத்தில் கண்ணாடித் தொட்டி விரிசல் விட்டுவிட்டது. மீன்களை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். மதினி அவற்றை நல்ல தண்ணீர் பிடித்து வைக்கும் அண்டாவில் விட்டார். எங்கள் தெருவில் குழாயில் தண்ணீர் வருவதே அபூர்வம். அப்படி வரும் நாளில் ஒரு அண்டா குறைந்தால் எப்படி இருக்கும்? ஆனாலும் மதினி அதற்காக அலுத்துக்கொள்ளவில்லை. மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு அந்த வீட்டில் அவர் சொல்வதற்கு "போச்சு" என்று பதில் சொல்லாத உயிர்கள் அந்த மீன்கள் இரண்டும்தான்.

"ஏங்க, ஒரு சின்னத் தொட்டி வாங்கிட்டு வாங்களேன்" என்றார்.

அண்ணன் என்னையும் இழுத்துக்கொண்டு வளர்ப்பு மீன் கடைக்குப் போனார். கடைக்காரர் பொறுமைசாலி.

"கண்ணாடித் தொட்டி எம்புட்டு வருசம் ஆனாலும் பளிச்சுன்னு இருக்கும்ணே. கனம் சாஸ்தி, இடிச்சா ஒடையும். அக்ரிலிக்குன்னா பிளாஸ்டிக் மாதிரி. லேசு, அம்புட்டுச் சீக்கிரம் ஒடையாது. கீறல் விழுறதுதேன் தொந்தரவு."

"கண்ணாடி ஒடஞ்சு வீடெல்லாம் தண்ணியாப் போச்சுன்னா?"

"சாதாரணமா ஒடையாதுண்ணே."

"சாதாரணமா ஒடையாததெல்லாம் என் வீட்லதேன் ஒடையும்."

"அப்ப அக்ரிலிக் எடுங்க."

"கீறிக் கீறி மங்கிப்போயிரும். உள்ள இருக்குற மீனு, கண்ணுல புரை விழுந்தவன் பாத்த மீனு மாதிரி தெரியும்."

கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். மீன் தீவனம் ஒரு பொட்டலம் மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினோம். மறுபடி போனோம். மறுபடியும் தீவனம். இரண்டு மீன்களும் ஆயுள் முழுக்க உட்கார்ந்து தின்றாலும் தீராத அளவு தீவனம் சேர்ந்துவிட்டது.

கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் யோசனை கேட்க ஆரம்பித்தார். எரியோட்டிலிருந்து கண்ணாடி போட வந்த விவசாயி ஒருவர், "எங்க ஊர்ல மீனு கம்மாயிலதேன் இருக்கும்" என்றார்.

"கம்மாயி வத்திப் போச்சுன்னா?" என்றார் அண்ணன். அந்த மனிதர் முகம் வாடி, சொந்தக் கவலையோடு எழுந்து போனார்.

பிறகு பரிசோதனைகள். அக்ரிலிக் துண்டு ஒன்றை மொட்டைமாடி வெயிலில் போட்டார். மணலால் தேய்த்தார், தேங்காய் நாரால் தேய்த்தார். கண்ணாடித் துண்டைக் கீழே போட்டு உடைகிறதா என்று பார்த்தார். உடைந்தது. அதைத் தானே மிதித்துக் காலில் கட்டுப்போட்டுக்கொண்டு, "பாத்தீகளா?" என்று வெற்றியோடு கேட்டார்.

கோடை ஏறியது. ஒருநாள் கடை திறக்கவில்லை. வீட்டுக்குப் போனேன். அண்டாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். உள்ளே ஒரு மீன்தான் நீந்திக்கொண்டிருந்தது.

"தெனமும் போச்சு போச்சும்பீகளே, இப்பச் சொல்லுங்க!" என்றார் மதினி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அண்ணன் சொல்லவில்லை. அண்டாவைப் பார்த்தபடியே என்னிடம், "எது நல்ல தொட்டின்னு பாத்துக்கிட்டே இருந்துட்டேன் தம்பி. அது பாட்டுக்கு இந்தச் சூட்டுல கெடந்துருக்கு" என்றார். அவர் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை.

பிறகு மதினியைப் பார்த்துத் திரும்பினார். "நீ சொல்லு. ஒனக்கு எது வேணும்?"

ஊரில் எல்லோரிடமும் கேட்டவர், மதினியிடம் அதுவரை கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் எங்கள் மூன்று பேருக்கும் உறைத்தது.

"எனக்கு மணிக்கட்டு வலி. தொட்டிய நாந்தேன கழுவணும்? லேசா இருக்குறத வாங்குங்க" என்றார் மதினி. அவ்வளவுதான் விஷயம்.

அன்றே அக்ரிலிக் தொட்டி வந்தது. மெல்லிய துணியால்தான் துடைக்க வேண்டும், நகம் படக்கூடாது என்று வழியெல்லாம் எனக்குப் பாடம் நடத்தினார். யாரையும் நம்பாமல், முதல் ஞாயிற்றுக்கிழமை தொட்டியைக் கழுவ அவரே உட்கார்ந்தார். விரலில் கிடந்த கல்யாண மோதிரத்தை மறந்துவிட்டார். முன்பக்கத்தில் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை ஒரே கோடு.

அண்ணன் இடிந்துபோனார். மதினியோ சிரிக்க ஆரம்பித்தவர், சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிறுத்தினார். மீன் போனதிலிருந்து அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. கோடு விழுந்த பக்கத்தைச் சுவர் பக்கம் திருப்பப் போனார் அண்ணன்.

"திருப்பாதீக. நீங்க போட்டதுதேன, இருக்கட்டும்" என்றார் மதினி.

துணைக்கு இன்னொரு மீன் வாங்க அண்ணனுக்குத் தைரியம் வரவில்லை. இருக்கிறதும் இந்த வாரம் தாங்காது என்று வாராவாரம் சொல்லிக்கொண்டிருக்கிறார். வாரம் தவறாமல், தண்ணீரைத் தூக்கி ஊற்றித் தொட்டியைக் கழுவுவதும் அவர்தான். எனக்கு மீன் வளர்ப்பில் துளியும் ஆர்வம் கிடையாது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை அந்த நேரம் வந்தால், என் கால்கள் தாமாக அந்த வீட்டுக்கு நடக்கின்றன.