இலகுச்சங்கிலியும் இரண்டாவது காபியும்

ஐந்து ஆறுகளுக்கும் காவல் நிற்கும் ஐயாறப்பா, நின் திருவடி போற்றி! இக்கதை நிகழ்ந்தபோது தடுமாறியது போதும். சொல்லும்போதேனும் தடுமாறாதிருக்க அருள்வாய்.

தை மாதம், வளர்பிறை, ரோகிணி கூடிய நன்னாள். அறுவடைக் கூலித் தகராறில் ஊர்தோறும் கொடியும் கோஷமுமாயிருந்த எண்பதுகள். தாராசுரத்தில் தமிழாசிரியனாயிருந்த நான், மாமாவுடன் பெண் பார்க்கச் சென்றேன். பெண் கோமதி, தஞ்சாவூரில் நோய் எதிர்ப்பியல் படித்தவள். அவள் தந்தையோ, நில உச்சவரம்புச் சட்டத்தில் அரசு எடுத்த நிலத்துக்குப் பட்டா கேட்டு மிராசுதாரோடு மல்லுக்கட்டிய விவசாயத் தொழிலாளர் சங்கத் தலைவர்.

முன்பு பார்த்த இடங்களெல்லாம், "மாப்பிள்ளை பேச்சுக்குப் பேச்சு பதிகம் பாடுறாரு" என்று கைகழுவியிருந்தன. இதுவும் தவறினால் இனி உடன் வருவதில்லை என்று மாமா அறிவித்திருந்தார். ஆகவே, எங்கள் பள்ளி விலங்கியல் ஆசிரியரிடம் ஒரு மாலை பாடம் கேட்டுவைத்தேன். கிருமியைப் பிடிக்கும் எதிர்ப்பொருளில் கனச்சங்கிலி, இலகுச்சங்கிலி என இருவகை உண்டு. இலகுச்சங்கிலிக்கான மரபணுத் துண்டுகளை உயிரணு கோத்துப் பார்க்கும். (எதை எதோடு கோக்கும் என்பது இறைவனுக்கே வெளிச்சம்.)

காபி வந்தது.

"பொண்ணு படிப்பைப் பத்தித் தெரியுமா தம்பி?" என்றார் தந்தை.

விளங்காததை விளக்கும்போதுதான் என் குரல் கணீரென்று ஒலிக்கும். "கனச்சங்கிலி மிராசுதார் மாதிரிங்க. கிருமியைப் பிடிப்பது அவர்தான். இலகுச்சங்கிலி பண்ணையாள், பக்கத்தில் சும்மா நிற்கும்."

(என் தாயே பண்ணையில் நாற்று நட்டவள். அந்த நினைவு அன்று எந்த வாய்க்காலில் போயிற்றோ!)

"யாரு சும்மா நிக்கிறது?"

மாமா டம்ளரைக் கீழே வைத்தார். நான் பதறி, "இல்லீங்க, சிவமும் சக்தியும் போல! இலகுச்சங்கிலி சிவம்... இல்லை, சக்தி..."

"இப்ப மிராசுதாரு யாரு தம்பி, சிவனா?"

உள்ளிருந்து கோமதியின் குரல் வந்தது. "அப்பா, ரெண்டும் சேர்ந்த நுனிதான் கிருமியைக் கவ்வும். இலகுச்சங்கிலி வந்து சேரலைன்னா கனச்சங்கிலி செல்லை விட்டு வெளியிலயே வராது."

தந்தை தொடையில் தட்டினார். "கேட்டீங்களா! ஆளு வரலைன்னா மிராசுதாரு வாசல் தாண்ட முடியாதாம்! கூட்டத்துல சொல்லணும்." பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க கிளம்புங்க தம்பி" என்றார்.

கலக்கத்தில் மாமாவின் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றேன்.

"அப்பா, முதல்ல கோத்தது சரியா வரலைன்னா செல் உடனே செத்துடாது. வேற இலகுச்சங்கிலி மரபணுவை எடுத்து மறுபடி கோத்துப் பார்க்கும்."

"அதனால?"

"இன்னொரு காபி போடுறேன். இருக்கச் சொல்லுங்க."

அந்தக் காபி முடியும்வரை நான் வாய் திறக்கவில்லை. அதனால்தான் பொருந்திற்று என்பது என் மனைவி கோமதியின் ஆய்வு முடிவு. சிவம் எது, சக்தி எது என்ற குழப்பம் மட்டும் எனக்கு இன்றும் தீரவில்லை. தெரியாத பொருளில் நான் குரலை உயர்த்தினால், எங்கள் மகள் அடுக்களையைப் பார்த்துக் கூவுவாள்: "அம்மா, ரெண்டாவது காபி!"

இதைப் படிப்போர் யாவரும் நோயின்றி வாழ்க! முதலில் கோத்தபோது பொருந்தாதோர்க்கு, மறுபடி கோத்துப் பார்க்கும் மனமுடைய ஒருவர் வாய்க்க ஐயாறப்பன் அருள்க!