பதில்காரரும் ஒரு கைப்பிடியும்

பதில் தெரிந்து சொல்கிறவர்கள் ஒரு ரகம். பதில் தெரியாமல் விழிக்கிறவர்கள் இன்னொரு ரகம். கேள்வி தன்னிடம் கேட்கப்படவே இல்லை என்பதைக் கொஞ்சமும் பொருட்படுத்தாமல் பதில் சொல்கிறவர்கள் மூன்றாவது ரகம். இவர்களுக்குப் பதில்காரர் என்று நானே பெயர் வைத்திருக்கிறேன். உங்களுக்கு அப்படி யாரையும் தெரியாது என்கிறீர்களா? தெரியும். யோசித்துச் சிரமப்படாதீர்கள், நானே சொல்கிறேன்.

மருத்துவரின் அறைக்குப் போய்ப் பாருங்கள். எண்பது வயதுப் பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். மருத்துவர் அவர் முகத்தைப் பார்த்துத்தான், "எங்க வலிக்குது ஐயா?" என்று கேட்பார். பெரியவர் முழங்காலைத் தொட்டுக் காட்டுவதற்காகக் கையைத் தூக்குவார்; அது பாதி தூரம் வருவதற்குள், பின்னால் மருந்துப் பையோடு நிற்கும் மகன், "இடுப்புல சார், ரொம்ப நாளா" என்று முடித்துவிடுவார். பெரியவர் இடுப்புக்கான தைலத்தோடு நொண்டிக்கொண்டே வீடு திரும்புவார். கண்ணாடிக் கடையில் இன்னும் விசேஷம். "கீழ்வரி தெரியுதாம்மா?" என்று கேட்டால், "தெரியலைங்க" என்று மகள் சொல்வாள். யாருடைய கண்ணைச் சோதிக்கிறார்கள் என்று கடைக்காரருக்கே சந்தேகம் வந்துவிடும்.

பதில்காரரை அடையாளம் காண்பது சுலபம். அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே "அவங்க" என்பார். அம்மாவிடம் பேசும்போது குரலை உயர்த்துவார், அம்மாவைப் பற்றிப் பேசும்போது தாழ்த்துவார். அந்த அம்மாவுக்கோ இரண்டும் நன்றாகக் காதில் விழும். பட்டினி விஷயத்தில் மட்டும் தன்னையும் சேர்த்துக்கொண்டு, "நாங்க இப்பல்லாம் ராத்திரி ரெண்டு துண்டு ரொட்டியோட நிறுத்திக்கிறோம்" என்பார். நிறுத்திக்கொண்டது யார் என்பதை அவருடைய சட்டைப் பொத்தான்களைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். "எதுக்கும்மா உனக்குச் சிரமம்?", "அவங்களுக்கு அதெல்லாம் புரியாதுங்க", "நான் இருக்கேன்ல?" இந்த மூன்று வாக்கியங்களைப் பிடுங்கிவிட்டால் மனிதர் ஊமை.

என்னிடம் ஓர் அசல் மாதிரியே இருக்கிறது. எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் தையல் கடை. தையல்காரர் வாயில் காலையிலிருந்து மாலை வரை நாலு குண்டூசி இருக்கும், எதைக் கேட்டாலும் தலையாட்டல்தான். முதல் மாடியில் ஓர் அம்மா தனியாக இருக்கிறார். அவருக்கு மேலே நான். அந்த அம்மா முப்பத்தோரு வருஷம் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்தவர்; காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஊருக்கெல்லாம் இணைப்புக் கொடுத்தவர். எழுபத்தெட்டு வயதாகியும் தெருவில் அவருக்கு எக்ஸ்சேஞ்சம்மா என்றுதான் பெயர். அவர் மகன்தான் நம்முடைய பதில்காரர்.

மகன் நகரத்தின் மறுகோடியில் குடியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவார். வரும்போது பழம் கொண்டுவருவார், போகும்போது அம்மாவுடைய சாமான் ஒன்றைக் கொண்டுபோவார். ஒரு வாரம் முக்காலி, "ஏறி விழுந்துடுவே." அடுத்த வாரம் காய் நறுக்கும் கத்தி, "கையை வெட்டிக்குவே." அதற்கடுத்த வாரம் இஸ்திரிப் பெட்டி. திங்கட்கிழமை காலையில் நான் என் முக்காலியையும் கத்தியையும் கீழே கொண்டுபோய்க் கொடுப்பேன், சனிக்கிழமை சாயங்காலம் திரும்ப மேலே ஏற்றிவிடுவேன். அந்த அம்மாவைப் புரிந்துகொண்ட ஒரே ஆள் நான்தான் என்று எனக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்பைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் அம்மா குளித்துவிட்டு எழும்போது கால் வழுக்கியது. வாளியைப் பிடித்துக்கொண்டதால் அம்மா தப்பித்தார், வாளிதான் உடைந்தது. பிடித்துக்கொள்ளச் சுவரில் ஏதாவது இருந்தால் தேவலை என்று தோன்றியிருக்கிறது. எங்கள் நகராட்சியில் 'வீட்டுத் துணை' என்று ஒரு பிரிவு உண்டு. வயதானவர்கள் தங்கள் வீட்டிலேயே தாங்களாக இருந்துகொள்வதற்கு வேண்டியதைச் செய்து தருகிறார்கள்: குளியலறையில் கைப்பிடி, தடுக்குகிற வாசற்படிக்குச் சாய்தளம், சாமான் வாங்கிவர வாரத்துக்கு இரண்டு நாள் ஓர் ஆள். 'உங்கள் வீட்டில், உங்கள் விருப்பப்படி' என்று அலுவலகச் சுவரில் ஆளுயரத்துக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். அம்மா நடந்தே போய் விண்ணப்பம் வாங்கி, ஒரே ஒரு கைப்பிடி கேட்டு எழுதிக் கொடுத்தார். கடைசி வரியில், தொடர்புக்கு நெருங்கிய உறவினரின் எண் என்று இருந்தது. நியாயமாக மகன் எண்ணை எழுதினார். முப்பத்தோரு வருஷ அனுபவசாலி கொடுத்த ஒரே தவறான இணைப்பு அது.

கைப்பிடி வேண்டுமென்றால் வீட்டுக்கு வந்து மதிப்பீடு செய்வார்களாம். எந்த நாளில் வரலாம் என்று அலுவலகம் மகனிடம் கேட்டது. மகன் ஒரு நாளைச் சொன்னார். அதிகாரி அம்மாள் ஒருவர் கோப்பும் அளவு நாடாவுமாக வந்து உட்கார்ந்தார். வீட்டின் மாற்றுச் சாவியை வைத்திருக்கும் அண்டை வீட்டுக்காரன் என்ற தகுதியில் எனக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது.

"காலையில நீங்களா எழுந்திருக்கிறீங்களாம்மா?"

"கஷ்டம்தாங்க மேடம்" என்றார் மகன்.

"வீட்டுக்குள்ள நடமாட்டம்?"

"எங்க மேடம் நடக்கிறாங்க? சுவரைப் பிடிச்சுப் பிடிச்சுத்தான்."

அம்மா எழுந்து, எதையும் பிடிக்காமல், சமையலறைக்குப் போனார்.

"டீ போடறது, சின்னதா சமையல், அந்த மாதிரி?"

"ஐயோ, அடுப்புப் பக்கமே விடறதில்லைங்க. ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிட்டா?"

அம்மா தட்டில் நான்கு டீயோடு வந்தார். முதல் கோப்பையை மகன்தான் எடுத்தார். ஒரு வாய் குடித்து, "சர்க்கரை கம்மிம்மா" என்று உரக்கச் சொன்னார். பிறகு அதிகாரி அம்மாள் பக்கம் சாய்ந்து, "அம்மாவால முடியாதுங்க" என்றார் தாழ்ந்த குரலில். அதிகாரி அம்மாள் டீயை ஊதிக் குடித்துக்கொண்டே 'டீ தயாரிக்க இயலாது' என்ற கட்டத்தில் குறி போட்டார். அந்தப் படிவத்தில் 'பதிலளித்தவர்' என்று ஒரு வரி வேறு இருந்தது. அதில் அம்மாவின் பெயரை எழுதிக்கொண்டார். இதைப் பார்த்து எனக்கு ரத்தம் கொதித்தது. டீ நன்றாக இருந்ததால் அதைக் குடித்துவிட்டு மாடிக்குப் போனேன்.

பத்து நாளில் கடிதம் வந்தது, மகன் பெயருக்கு. விண்ணப்பதாரர் தனியாக வசிக்கும் நிலையில் இல்லை. பராமரிப்பு இல்லத்துக்குப் பரிந்துரை செய்யப்படுகிறது. எனவே கைப்பிடிக்கான கோரிக்கை முடித்துவைக்கப்படுகிறது. வீட்டிலேயே இருக்கப்போவதில்லை, கைப்பிடி எதற்கு? கேட்டது ஒரு முழக் குழாய், போகப்போவது வீடே.

மகன் ஓடி வந்தார். அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். கெட்டவராக இருந்தால் திட்டி அனுப்பிவிடலாம். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நிஜமாகவே அழுதார். அழுதுகொண்டே, இரண்டு இல்லங்களை ஏற்கெனவே பார்த்துவிட்டதையும், ஒன்றில் ஜன்னலோர அறைக்குச் சொல்லி வைத்திருப்பதையும் தெரிவித்தார். "அம்மா ஜன்னலோரம்தான் கேப்பாங்க."

"நான் போகலைப்பா" என்றார் அம்மா.

"அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க" என்றார் மகன். என்னிடம்.

மகன் மறந்து வைத்துவிட்டுப் போன கடிதத்தை அம்மா எடுத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, யாருமே படிக்காத பின்பக்கத்தைப் படித்தார். முப்பது நாளுக்குள், சம்பந்தப்பட்டவரே தன் கைப்பட எழுதிக் கேட்டால், மறுமதிப்பீடு செய்யப்படும் என்று அங்கே பொடி எழுத்தில் இருந்தது. அன்றைக்கே எழுதினார். தொடர்பு எண்ணுக்குத் தன் எண்ணைப் போட்டார். புதன்கிழமை பதினொரு மணி என்று முடிவாயிற்று. மகன் வேலையில் இருக்கும் நேரம்.

"நீங்க மட்டும் கூட இருங்க தம்பி" என்றார் என்னிடம். "சும்மா இருந்தா போதும்."

நான் இஸ்திரி போட்ட சட்டையில் போய் உட்கார்ந்தேன். அதே அதிகாரி அம்மாள், அதே கோப்பு.

"காலையில நீங்களா எழுந்திருக்கிறீங்களாம்மா?"

அம்மா அவர் முகத்தைப் பார்த்தார். பேசவில்லை. சுவர்க் கடிகாரம் ஓடியது. அதிகாரி அம்மாளின் பேனா தானாகவே ஒரு கட்டத்தை நோக்கி நகரத் தொடங்கியது.

"ஆறு மணிக்கு" என்றார் அம்மா. "கண்ணு முழிச்சதும் நிக்கமாட்டேன். கட்டில் ஓரத்துல கொஞ்சம் உட்கார்ந்துட்டு அப்புறம் எழுந்திருப்பேன்." பேனா திரும்பி வந்ததைப் பார்த்து, "நான் பதில் சொல்ல நேரமாகும்மா. வயசு இல்லை, பழக்கம். கேட்டதை முழுசா வாங்கிக்கிட்டுத்தான் இணைப்புக் கொடுக்கணும். அவசரப்பட்டுத் தப்பான வீட்டுக்குப் போட்டுட்டா ரெண்டு பக்கமும் என்னைத்தான் திட்டுவாங்க" என்றார்.

அதிகாரி அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதன்பிறகு காத்திருந்தார். மாத்திரை, அடுப்பு, படிக்கட்டு, பூட்டு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் வந்தது. எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. நான் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தேன்.

"குளிச்சிட்டு எழுந்திருக்க உதவி வேணுமா?"

அம்மா தன் வலது கையைப் பார்த்துக்கொண்டு யோசித்தார். கீழே தையல் இயந்திரம் ஓடி நின்றது, மறுபடி ஓடியது. அம்மா இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார். இந்த இடத்தில் 'வேணும்' என்று சொல்லிவிட்டால் போயிற்றே, இல்லத்தில் தள்ளிவிடுவார்களே, இத்தனை நேரம் சொன்னதெல்லாம் வீணாகுமே, இந்த அம்மாவுக்கு இது புரியவில்லையே!

"ஒரு உதவியும் வேணாம் மேடம்! சின்னப் பொண்ணு மாதிரி டக்குன்னு எழுந்திருவாங்க!"

குரல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தேன். என்னிடமிருந்துதான்.

"அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு" என்று அதிகாரி அம்மாள் குறி போட்டார். "வீட்டுலயே இருக்கலாம். கைப்பிடி அவசியமில்லைன்னு எழுதிடறேன்." கோப்பை மூடினார்.

மகன் வாய் திறந்து வீட்டைக் காலி செய்யப் பார்த்தார். நான் வாய் திறந்து கைப்பிடியைக் காலி செய்தேன். அவருக்கு அரை மணி நேரம் தேவைப்பட்டது, எனக்கு ஒரே வாக்கியம்.

"கோப்பைத் திறங்கம்மா" என்றார் எக்ஸ்சேஞ்சம்மா. குரல் உயரவில்லை. "பதில் சொன்னது அவர். குளிக்கிறது நான். எழுந்திருக்க என்னால முடியும், பிடிச்சுக்க ஒண்ணு வேணும். வாளியைப் பிடிச்சேன், உடைஞ்சு போச்சு. இதைத்தான் முதல் நாளே எழுதிக் கொடுத்தேன்."

அதிகாரி அம்மாள் போட்ட குறியை அடித்துவிட்டு, அம்மா சொன்னதை அப்படியே எழுதினார். அளவு நாடாவை எடுத்துக்கொண்டு இருவரும் குளியலறைக்குப் போனார்கள். போகிற வழியில் அம்மா என் பக்கம் திரும்பினார்.

"நீங்க மாடிக்குப் போங்க தம்பி. டீ ஆனதும் கூப்பிடறேன்."

மாலை வரை காத்திருந்தேன். கூப்பிடவில்லை.

மூன்று வாரம் கழித்து ஓர் ஆள் வந்து சுவரில் துளை போட்டான். அந்தச் சத்தம் என் தரை வழியாகக் காலில் ஏறியது. அம்மா அவர் வீட்டிலேயே இருக்கிறார், கைப்பிடியோடு. "அம்மாவுக்குப் பாத்ரூம்ல கைப்பிடி வெச்சுக் கொடுத்திருக்கோம்" என்று மகன் சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

கைப்பிடி வந்த மறுநாள் அம்மா படியேறி என் வீட்டுக்கே வந்தார். மூச்சு வாங்கியது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அந்தச் சாவியைக் குடுங்க தம்பி. தையல்காரர்கிட்ட வெச்சுக்கச் சொல்லியிருக்கேன்."

"அவரா? அவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசமாட்டாரேம்மா!"

அம்மா பதில் சொல்லவில்லை. வழக்கம்போல யோசிக்கிறார் என்று நினைத்துக் காத்திருந்தேன். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு படியிறங்கிப் போய்விட்டார். அதற்குப் பிறகு திங்கட்கிழமைகளில் அவர் என்னிடம் முக்காலி கேட்பதில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சரி, என்னை விடுங்கள். 'நான் அப்படி இல்லை' என்று நீங்கள் சொல்லப்போகிறீர்கள். பாருங்கள், உங்கள் பதிலையும் ஆரம்பத்திலிருந்து நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன், நீங்களும் சும்மா இருக்கிறீர்கள். ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். இன்றைக்கு வீட்டில் இருக்கும் பெரியவரிடம் போய், "டீ வேணுமா?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு அங்கேயே நில்லுங்கள். வேண்டாம் என்றுதான் சொல்வார் என்று உங்களுக்குத் தெரியும், சர்க்கரை கூடாது என்றும் தெரியும், அவர் வாயைத் திறக்க எவ்வளவு நேரமாகும் என்பதும் தெரியும். இருந்தாலும் நில்லுங்கள். அடக்க முடியவில்லையென்றால் எங்கள் தையல்காரரிடம் வாருங்கள், கேட்டால் குண்டூசி கொடுப்பார். நான் நாலு வாங்கி வைத்திருக்கிறேன்.