அஞ்சுமணியக்காவின் துக்க நடை

ஐம்பத்திரண்டு வயதில், நடைக்குப் பயந்து கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒளித்திருந்தவன் நான். பத்திரிகையில் எழுதுகிறவன் என்ற மரியாதை அங்கே ஒரு கோழிக்கும் இருக்கவில்லை.

ஒளித்தது அஞ்சுமணியக்காவுக்கு. எங்கள் ஊர் அளவெட்டியில் அடுத்தவர் சாவால் உடம்பு தேறியவர் அவர் ஒருவர்தான்.

அக்காவின் ஈரலில் கொழுப்பென்று ஸ்கானில் தெரிந்தது. எங்கள் விறாந்தையில் இருந்துகொண்டு, என் காது சிவக்க விளக்கினார். "மாசத்தீட்டு நிண்டாப்பிறகு பொம்பிளையளுக்கு உது கூடவாம், தம்பி. நடக்கட்டாம். விட்டா ஈரல் சுருங்கிப்போமாம். பிள்ளையள் எல்லாம் கனடாவிலை. நான் படுத்தா ஆர் பாக்கிறது?"

நான் போனில் வாசித்ததையெல்லாம் திரட்டி அதிகாலை நடையின் மகிமையை விளக்கினேன். நானோ ஏழரைக்கு எழும்புகிறவன்.

"இரவு முழுக்க உடம்பு கொதிச்சு வேர்க்குது. விடியத்தான் கண்ணயருறன்," என்றார் அக்கா. "விடாமல் நடக்கக்கூடிய நேரந்தான் நல்ல நேரமெண்டு டொக்டர் சொன்னவர். எனக்குப் பின்னேரம் அஞ்சு மணி."

ஆனால் எங்கள் ஊரில் பின்னேரம் சும்மா நடக்க முடியாது. வேலிப் படலைக்குப் படலை நின்று "எங்கை போறியள்?" என்பார்கள். சும்மா என்றால் வீட்டில் சண்டை என்று முடிவுகட்டி, உள்ளே கூப்பிட்டு, சீனி அள்ளிப்போட்ட தேத்தண்ணியும் கேக்கும் தருவார்கள். முதல் மாதம் அக்கா நடந்து நடந்தே கொழுத்தார்.

பிறகுதான் கண்டுபிடித்தார். செத்தவீட்டில் "இன்னொண்டு எடுங்கோ" என்று ஒருவரும் வற்புறுத்துவதில்லை. எங்கே போகிறீர்கள் என்பதற்கும் பதில் இருக்கிறது. ஒரு சாவு விழுந்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு வரைக்கும் துக்கம் விசாரிக்கப் போகலாம். பக்கத்து ஊர் மல்லாகத்தில் முன்பின் தெரியாத ஒரு கிழவருக்காக அக்கா அழுத அழுகையில், கிழவரின் மனைவி அக்காவை ஒருமாதிரிப் பார்த்தாராம்.

ஊருக்குப் பயம் பிடித்தது. அக்கா ஒரு படலையடியில் நின்று செருப்பு வாரைச் சரிசெய்தாலே உள்ளேயிருந்த நோயாளி எழும்பி உட்கார்ந்தார்.

பிறகு ஒருவரும் சாகாத காலமொன்று வந்தது. அடுத்த ஸ்கான் நெருங்கிக்கொண்டிருந்தது. "ஒருத்தரும் சாகவேண்டாம், தம்பி. நான் முத்தத்துக்குள்ளை சுத்துறன்," என்றார். இரண்டு நாளில் முற்றம் அலுத்துவிட்டது.

அந்தநேரம் பார்த்து எனக்குச் சிக்குன்குனியா. சரியாக ஐந்து மணிக்கு எங்கள் படலை திறந்தது. என் மனைவியின் முகம் வெளுத்துப்போனது. அக்கா என்னைத் தலைமுதல் கால்வரை பார்த்தார்.

"உவன் சாகான், பிள்ளை. உயிரோடை இருக்கிற ஆக்களையும் ஒருக்காப் பாப்பமெண்டு வந்தனான்."

சீனியில்லாத தேத்தண்ணி கேட்டு வாங்கிக் குடித்தார். நான் எழும்பும்வரை நாள்தோறும் வந்தார். எழும்பியதும், கூட நடக்க வரச் சொன்னார். நான் கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒளித்தது அப்போதுதான். மனைவி இரக்கமேயில்லாமல் கைகாட்டினாள். "உங்கை நிக்கிறார், கூட்டிக்கொண்டு போங்கோ."

இப்போது தினமும் நடக்கிறோம். இரண்டுபேர் விறுவிறென்று போனால் ஏதோ அவசரமென்று ஊர் மறிப்பதில்லை. போன கிழமை ஸ்கானில் கொழுப்புக் குறைந்திருந்தது. அன்றைக்கு அக்கா றிப்போட்டை நெஞ்சோடு பிடித்தபடியே நடந்தார்.

எனக்கும் நெஞ்சு இளகிவிட்டது. "நான் படுத்தநேரம் ஒவ்வொருநாளும் வந்தியள், இப்ப நடக்கவும் வைக்கிறியள். என்னிலை ஏனக்கா இவ்வளவு அக்கறை?" என்றேன்.

"நீ செத்தா எனக்கு அந்தியேட்டி வரைக்குந்தானே நடை," என்றார். "இருந்தா வருசம் முழுக்க."